பயம் போகும் வழி

டாக்டர் இங்கிலீஷில் சொல்வதை நோயாளிக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அதற்கான வசவை இரண்டு மொழியிலும் வாங்கிக்கொள்பவனுக்குக் கம்பவுண்டர் என்று பெயர். மிக்சர் குலுக்கியவர்கள், புண் கட்டியவர்கள், சீழ் பிடித்த விரலைக் கழுவியவர்கள் எல்லாரும் என் கட்சிதான். நான் பட்ட பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும். யுத்தத்துக்கு முந்தின காலம். ஆரப்பாளையத்தில் எங்கள் டிஸ்பென்சரி. டாக்டர் மதுரையிலேயே பிறந்தவர்தான், ஆனால் சீமையில் படித்துவிட்டுத் திரும்பும்போது தமிழைக் கப்பலிலேயே விட்டுவிட்டார்.

சாமியாட்டம்

கீழக்குயில்குடி வீரணனுக்கு மூச்சிழுப்பு. பெண்சாதி பேச்சியம்மா அவரை மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினாள். போன ஐப்பசியில் அவளுடைய அண்ணன் இதே இழுப்பில், இதே பாதையில், டிஸ்பென்சரிக்கு வந்து சேருமுன் வண்டியிலேயே போய்விட்டார். அதனால் புருஷன் விடுகிற ஒவ்வொரு மூச்சையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அட்ரினலின் ஊசி போட்டார். சற்று நேரத்தில் இழுப்பு தணிந்தது. ஆனால் நெஞ்சு படபடவென்று அடித்தது, கை கால் வெடவெடத்தது. அந்த மருந்தின் குணம் அப்படி. பேச்சியம்மா, ஊசி போட்ட டாக்டரை விட்டுவிட்டு, ஊசியைக் கழுவிக்கொண்டிருந்த என் சட்டையைப் பிடித்தாள். "மூச்சு விட வைங்கன்னுதான கூட்டியாந்தேன், சாமியாட வைக்கச் சொன்னது யாரு?"

ஈரக்குலை

சத்தம் கேட்டு டாக்டர் வந்து ஒரு பிரசங்கம் செய்தார். மனுஷன் பயந்தால் ஒரு சுரப்பியிலிருந்து சாறு வந்து ரத்தத்தில் கலக்கிறது. இந்த ஊசியில் இருப்பதும் அதே சாறுதான். நடுக்கம் அதனால் வருவது. ரொம்ப நேரம் நிற்காது. லிவர் அதை உடைத்துப் போடும், கிட்னி மிச்சத்தை வெளியே தள்ளும். இவ்வளவும் இங்கிலீஷில்.

நான் தமிழாக்கினேன்: "பயந்தா ரத்தத்துல ஒரு சாறு ஊறும்ல, அதுதான் இது. ஈரக்குலை அதை அரைச்சுத் தள்ளிரும். மிச்சம் குண்டிக்காய் வழியா ஒண்ணுக்கோட போயிரும்." ஈரல் என்று நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? குலையையும் சேர்த்துவிட்டேன். விரலுக்குக் கட்டுப் போட வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த செல்லூர் நெசவாளிக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. "ஏண்ணே, பயந்தா ஈரக்குலை நடுங்குதுங்கிறோமே, அப்ப அது நடுக்கமில்லையா? அரைக்கிற ஆட்டமா?"

மைனர் கேட்ட சரக்கு

பெஞ்சின் மறுகோடியில் ஒரு மைனர், துண்டை விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். அஜீரணத்துக்கு வந்தவர். அவர் ஊரில் நஞ்சை பாதி அவருடையது, அஜீரணம் முழுக்க அவருடையது. பயத்தைப் புட்டியில் அடைத்து வைத்திருக்கிறோம் என்று அவருக்குப் பட்டுவிட்டது. பண்ணையாட்கள் இப்போதெல்லாம் முகத்துக்கு நேரே பார்த்துப் பேசுகிறார்களாம். ஆளுக்கு ஒரு ஊசி போட்டுவிட முடியுமா என்று கேட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் என் வேலை மொழிபெயர்ப்பது, மொழிபெயர்த்தேன். டாக்டர் முகம் சிவந்துவிட்டது. போட்டாலும் நிற்காது, ஈரல் விட்டுவைக்காது என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். மைனருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அட போங்கப்பா, எங்க அய்யா பிரம்பே தேவலை. அது ஏத்துன பயத்தை மூணு தலைமுறையா எவன் ஈரலும் அரைக்கலையே!"

உள்ளேயே கிடக்கட்டும்

வீரணனுக்கு நடுக்கம் நின்றது. எழுந்து கொல்லைப்பக்கம் போகப் பார்த்தார். பேச்சியம்மா வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். வழியெல்லாம் செம்பு செம்பாகச் சுக்குத் தண்ணி குடிக்கவைத்துக் கூட்டிவந்தவளும் அவளேதான். மனுஷன் காலைப் பின்னிக்கொண்டு நெளிந்தார், வேர்த்தார், மறுபடி படபடத்தார். என்னம்மா இது என்று கேட்டால், "ஒண்ணுக்கோட மருந்து போயிரும்னு நீங்கதான சொன்னீக? ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் உள்ளயே கெடக்கட்டும்" என்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வண்டியிலேயே போன அவள் அண்ணன் ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அடக்க அடக்கப் பதற்றம் கூடும், பதறினால் சாறு இன்னும் ஊறும் என்று எப்படிச் சொல்வது? இதையும் தப்பாகச் சொல்லித் தொலைப்பேனோ என்று தயங்கினேன். அதற்குள் உள்ளேயிருந்து டாக்டர் பாய்ந்து வந்தார். அன்றைக்குத்தான் அவருக்குத் தமிழ் வந்தது. "விடும்மா அந்த ஆளை! இன்னிக்கு இங்கயே இருங்க, மறுபடி இழுத்தா மறுபடி ஊசி!"

வீரணன் ஓடினார். திரும்பி வந்தபோது மூச்சு சீராக இருந்தது. பேச்சியம்மா அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். அப்புறம்தான் அவள் கை நடுங்க ஆரம்பித்தது. முந்தானையைக்கூடப் பிடிக்க முடியவில்லை. "அவருக்கு ஒண்ணுக்கோட போயிருச்சு. ஊசியே போடாம எனக்கு வந்திருக்கே கம்பவுண்டரண்ணே, இது எந்த வழியாப் போகும்?"

அந்தக் கேள்விக்கு டாக்டர் இங்கிலீஷிலும் நான் தமிழிலும் திருதிருவென்று விழித்தோம் என்பதுதான் எங்கள் டிஸ்பென்சரியின் வைத்தியப் பெருமை.