பம்ப் அடுப்பும் கடுகு டப்பாவும்

போன சனிக்கிழமை என் மச்சினன் சந்தானம் ஒரு தகரப் பெட்டியோடு வந்து நின்றான். “கெளம்புங்க மச்சான்... கேம்ப் போறோம்!”

அவன் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஸ்கவுட் மாஸ்டர். பெட்டிக்குள் பித்தளை பம்ப் அடுப்பு. பையன்களைக் கேம்ப்புக்குக் கூட்டிப் போவதற்கு முன்னால் ஒத்திகை பார்க்கணுமாம். ஒத்திகைக்கு என் உயிர்தானா கிடைத்தது?

எனக்கு அந்த அடுப்பின் மேல் நம்பிக்கையே இல்லை. கிண்ணியில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, சூடேறியதும் பம்ப் அடித்தால் உஸ்ஸென்று சீறுகிறது. எங்கள் வீட்டு விறகடுப்பு என்றைக்காவது சீறியதுண்டா? சந்தானமோ, “பள்ளிக்கூடத்துச் சாமான் மச்சான். சண்டைக்காலத்துல இன்னொண்ணு கெடைக்காது” என்று அதை என் காவலில் விட்டுவிட்டான்.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் மூச்சுத் திணறி வாடிப்பட்டியில் இறங்கி, தெரிந்தவர் ஒருவரின் மாந்தோப்பில் கூடாரம் போட்டோம். சாயங்காலம் அடுப்பைப் பற்றவைத்து முதலில் காப்பி. நிமிர்ந்து பார்த்தால், இரண்டு மரம் தள்ளி ஓர் ஆள் குத்தவைத்து எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்!

“காப்பி சாப்பிடுங்கண்ணே” என்றேன்.

“வேணாங்கய்யா.”

சும்மா கிடைக்கிற காப்பியை வேண்டாம் என்கிறவரை எப்படி நம்புவது? அடுப்பை என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

“ராத்திரிக்கு இங்கனதானா?”

“ஆமா.”

“சோறு மட்டுந்தானா... கொழம்பும் வைப்பீகளா?”

பாருங்கள் கேள்வியை! நாங்கள் எப்போது தின்று எப்போது தூங்குவோம் என்று கணக்குப் போடுகிறார். பித்தளைக்கு இப்போது என்ன கிராக்கி என்பது அவருக்கும் தெரியாதா என்ன? சந்தானத்துக்குக் கண்ணைக் காட்டினேன். அவன் கவனமெல்லாம் வாணலியில். எண்ணெய் ஊற்றி, கடுகு டப்பாவைத் திறந்தான்.

அந்த ஆள் ஒரே எட்டில் வந்து நின்றார். “அய்யா, தாளிச்சுராதீக! வீட்ல ஆத்தா வந்திருக்கா.”

“ஊர்லருந்து ஆத்தா வந்தா சந்தோஷந்தான?” என்றான் சந்தானம். “அவுகளுக்கும் சேத்து வச்சிருவோம்!”

அவர் முகம் கோணிவிட்டது. “மகளுக்கு முத்துப் போட்டிருக்குங்கய்யா. கண்ணக்கூடத் தெறக்கல. அந்தா, வேப்பிலை சொருகுன வீடு... காத்து இங்கயிருந்து அங்கதான் அடிக்குது.”

அம்மை! அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்துத் தாளிப்பு வாசனைகூட அண்டவிட மாட்டார்கள். மதுரையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது தெரியாதா? பதறிப்போய் அடுப்பின் காற்றுத் திருகைத் திறந்து காற்றை இறக்கினேன். அடுப்பு அடங்கியது.

“வந்ததுமே சொல்லியிருக்கலாமேண்ணே?”

“ஊருக்கு வந்தவுகள வாய்க்கு ருசியாத் திங்காதீகன்னு எப்படிங்கய்யா சொல்ல?”

சரி, போய்ப் பிள்ளையைப் பாருங்கள் என்றேன். மனிதர் நகரவில்லை.

“அதான் அணைச்சாச்சேண்ணே!”

“நான் அங்கிட்டுப் போனதும் பத்த வச்சுட்டீகன்னா? அந்த அடுப்பக் குடுங்க. காலையில கொண்டாந்து தாரேன்.”

அடுப்பைக் கொடுப்பதா? பள்ளிக்கூடத்துச் சாமானை, பேர்கூடத் தெரியாத ஆளிடமா? என் கை தன்னால் அதை அணைத்துக்கொண்டது. அவர் என்னை நம்பவில்லை... நான் அவரை நம்பவில்லை. அங்கே ஒரு பிள்ளை கண் திறக்காமல் கிடக்கிறது.

சந்தானம்தான் சட்டென்று கடுகு டப்பாவை நீட்டினான். “இதக் கொண்டு போங்கண்ணே. கடுகு இல்லாம எவன் தாளிப்பான்?”

அவர் யோசித்தார். டப்பாவை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். எங்களுக்கு மோர்ச்சோறும் பச்சை வெங்காயமும்தான். சந்தானம் முணுமுணுக்காமல் சாப்பிட்டான்.

காலையில் காப்பிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போது வந்தார். டப்பாவை என் கையில் வைத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? காதருகே கொண்டுபோய்க் குலுக்கிப் பார்த்தேன்!

“கொறையாதுங்கய்யா” என்றார் சாதாரணமாக. “எங்க வீட்லதான் தாளிக்கிறதில்லையே.”

சந்தானம்தான் கேட்டான், பிள்ளை எப்படி இருக்கிறது என்று.

“விடியக் கண்ணத் தெறந்து தண்ணி கேட்டுச்சு” என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. “தலைக்குத் தண்ணி ஊத்துனதும் தாளிச்சுக் கொழம்பு வைப்போம். நீங்க ரெண்டு பேரும் அவசியம் வரணும்.”

வருகிறோம் என்று தலையாட்டினேன்... குலுக்கிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.