கோடு போட்ட கிளாஸ்

வெயில் உச்சிக்கு வருவதற்குள் மூன்று ஊர்களைத் தாண்டியிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி. இன்னொரு கைலி டீக்கடைக்குப் பின்னால் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்கத் திரும்பிப் போகவில்லை. பஸ் வந்தபோதும் கை காட்டவில்லை.

அந்தக் கடை திருத்துறைப்பூண்டிக்கு மேற்கே, ஒரு வாய்க்கால் பாலத்தை ஒட்டி இருந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூர், பெங்களூர் என்று சுற்றிவிட்டு அங்கே டீ ஆற்றச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கடைக்குள்ளேயே படுத்துக்கொள்ளலாம். ஒரே கூரைக்குக் கீழே அத்தனை நாள் நான் தூங்கியது அங்கேதான்.

கடையில் ஒரு வழக்கம். ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனியிலிருந்து வருகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் கப். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவசரமாக வந்துபோகும் லாரிக்காரர்களும் கப்பில்தான் குடித்தார்கள். அதனால் வித்தியாசம் பளிச்சென்று தெரியாது. தெரிந்தவர்கள் டீயோடு சேர்த்து விழுங்கிக்கொண்டார்கள். நானும் வேறொரு ஊரின் காலனியில் பிறந்தவன்தான். முதலாளி கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

அப்போதுதான் ஒருமுறை உபயோகித்துத் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு அரசாங்கம் தடை போட்டது. வண்டியில் வந்த அலுவலர்கள் கப், சட்னி கட்டும் கவர், டீ பார்சல் பை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

"இனிமே வீட்லேர்ந்து சொம்பு தூக்கிட்டு வரணுமாய்யா?" என்று பெஞ்சிலிருந்த ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், முதலாளியைத் தவிர. நல்ல சட்டம்தான். பாலத்துக்கடியில் கப்புகள் அடைத்துக்கொண்டு தண்ணீர் ஏறி நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் முதலாளி என்னிடம், "அவங்களுக்கு எதுலடா குடுக்கிறது? இதே கிளாஸ்ல குடுத்தா நம்மாளுங்க வருவாங்களா?" என்றார்.

கடைக்கு ஆள் குறைந்தால் முதலில் வெளியே போவது நான்தான். "வேற தினுசா ஒரு டஜன் வாங்கிடலாம்ணே. கோடு போட்டது. பாத்தா ஒண்ணும் தெரியாது" என்றேன்.

"படிக்காட்டியும் மூளை இருக்குடா உனக்கு" என்றார். கேட்க சந்தோஷமாகத்தான் இருந்தது.

கோடு போட்ட கிளாஸ்கள் வந்த மறுநாள் காலை, காலனியில் குத்தகை நிலம் பார்க்கும் ஒருவர் மகளை பஸ் ஏற்றிவிட வந்தார். அவள் சென்னையில் நர்ஸ். இரண்டு டீ கொடுத்தேன். அவள் தன் கையிலிருந்த கிளாஸையும் பெஞ்சிலிருந்த ஊர்க்காரர்களின் கிளாஸையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணே, எங்களுக்கும் அந்த கிளாஸ்லயே குடுங்க."

"எல்லாம் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணுன்னா மாத்திக் குடுக்கிறதுக்கு என்ன?"

"காலங்காத்தால வம்பு பண்ணாத பாப்பா. டீ ஒரே டீதான?" என்றார் முதலாளி.

அவள் கிளாஸை அப்படியே வைத்துவிட்டுச் சாலையோரம் போய் நின்றாள். அப்பா தன் டீயைக் கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கில் குடித்தார். பேச்சு அதோடு முடியட்டும் என்று நினைத்திருப்பார். பிறகு என் பக்கம் குனிந்து, "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

"மெட்ராஸ் பக்கம்" என்று மழுப்பினேன்.

"அதான். வெளியூருப் புள்ள, இங்கத்து வெவகாரம் உனக்கு எப்படித் தெரியும்? மனசுல வச்சுக்காத" என்று சொல்லிவிட்டு மகளிடம் போனார்.

அவர் திட்டியிருந்தால் அந்தக் கடையிலேயே இருந்திருப்பேன். பஸ் போன பிறகு அவர் குடித்த கிளாஸைக் கழுவித் தனித்தட்டில் கவிழ்த்தேன். அதையும் செய்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

வழியில் ஒரு டிராக்டர்க்காரர் ஏற்றிக்கொண்டார். ராத்திரி கூத்தாநல்லூர் பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். விடிந்ததும் ஒரு பிரியாணிக் கடையில் போய் வேலை கேட்டேன். கல்லாவில் இருந்த பாய், "எந்த ஊரு தம்பி?" என்றார். ஊரைச் சொன்னேன், கேட்காமலே தெருவையும் சொன்னேன்.

"தெருவ யாருப்பா கேட்டா? உள்ள போங்க, கழுவ ஆளில்லாம குமிஞ்சு கெடக்கு."

ஒரு நாள் முன்னால், அந்த நர்ஸின் அப்பாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய தெரு அது. பின்பக்கம் போய், தொட்டியருகே உட்கார்ந்து கிளாஸ் கழுவ ஆரம்பித்தேன்.