சாப்பிட்ட பிறகு மாப்பிள்ளைக்குக் காவல்

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டின் மரியாதையை மாப்பிள்ளையின் இலையில்தான் பார்ப்பார்கள். அவர் போதும் என்றால் போதவில்லை என்று அர்த்தம். மறுபடி போதும் என்றால் வெட்கப்படுகிறார். கையை நீட்டி இலையை மறைத்தால் விரலிடுக்கில் ஊற்ற வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். இந்தப் பாடத்தில் மட்டும் தவறியதே இல்லை.

அப்படிப்பட்ட எனக்குப் பெருமாள் கொடுத்த மாப்பிள்ளை, வேண்டாம் என்றே சொல்லத் தெரியாதவர்.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். மகளுக்கு மசக்கை அதிகமாகிப் பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்று, அவளைக் கூட்டிக்கொண்டு நன்னிலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தார். ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை அவருக்கும் சில மாதம் ஓய்வு. எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வந்த புதிது. சாமி படத்துக்கு ஒரு பூ, டெலிபோனுக்கு ஒரு பூ என்று நான் வைத்துக்கொண்டிருந்த காலம்.

வந்த அன்றே மாப்பிள்ளை என் மனதைக் குளிர வைத்தார். சாம்பாருக்குச் சோறு, வத்தக்குழம்புக்குச் சோறு, ரசத்துக்கு, மோருக்கு. மாமியார் மாப்பிள்ளை முன்னால் வந்து நிற்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் பாத்திரங்களை நீட்டிக்கொண்டே இருந்தேன். தலை நிமிராமல், யாரோ துரத்துகிற மாதிரி சாப்பிட்டார். முடித்ததும் நேராகக் கொல்லைப்புறத்துக் குளியலறை. குழாய் வெகுநேரம் ஓடியது.

"மாப்பிள்ளை ரொம்ப சுத்தக்காரரு. சாப்பிட்ட கையோட குளிச்சிடுறாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"சாப்பிட்டுட்டு யாராச்சும் குளிப்பாங்களா?"

"சிங்கப்பூர்ல அப்படித்தான் போல."

சிங்கப்பூர் என்று சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

பிறகு முறுக்கு டின் காலியாகத் தொடங்கியது. மதியம் நாங்கள் கண்ணயர்ந்து எழுந்தால் அதிரசம் வைத்த பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருக்கும். எலிதான் என்று பொறி வாங்கி வைத்தேன். தின்றுவிட்டு மூடியைத் திருகி மூடிவைக்கும் எலி எந்த ஊர் எலி என்று யோசிக்கிற அறிவை, ஆண்டவன் எனக்கு அப்போது கொடுக்கவில்லை.

மகள் ஒருநாள் அடுப்படியில் வந்து நின்றாள். "அம்மா, அவர ரொம்ப வற்புறுத்தாத. அவருக்கு ஒத்துக்கல."

"எதுடி ஒத்துக்கல? கன்னத்தப் பாரு. வந்தப்ப இருந்ததுக்கு எப்படிப் பூரிச்சுப் போயிருக்கு!"

பொய்யில்லை. காதுக்குக் கீழே இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. என் சமையல் போய்ச் சேருகிற இடம் அதுதான் என்று பெருமாளைக் கும்பிட்டுக்கொண்டேன். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவளுக்கே குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவள் வாந்தி எடுத்தால் தெருவே எலுமிச்சம்பழத்தோடு ஓடிவரும். அதே கொல்லையில் இன்னொருவரும் எடுக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது.

இந்தச் சமயத்தில் என் வீட்டுக்காரருக்கு ஒரு ஞானோதயம். வெளிநாட்டு மாப்பிள்ளை குந்தி உட்காரலாமா? மேல்நாட்டுக் கக்கூஸ் வைக்கிறேன் என்று குளியலறையை இடித்துப் போட்டார். கொல்லை முழுக்கக் கொத்தனாரும் சித்தாளும். குளிக்கப் பம்புசெட்டுக்குப் போக வேண்டும். மாப்பிள்ளைக்குத் தனியாகப் போக ஓரிடமில்லை.

மறுநாளே அவருக்குப் பக்தி வந்துவிட்டது.

சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம். சரி. திங்கள் சிவனுக்கு. வெள்ளி அம்பாளுக்கு. நடுவில் ஏகாதசி, பிரதோஷம். எந்தச் சாமியும் மனம் கோணாதபடி வாரத்தைப் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டார். காலையும் மாலையும் கோயில் பிராகாரத்தைச் சுற்றுவார், சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும் வரை. பட்டாச்சாரியார் என்னைக் கூப்பிட்டு, "ஃபாரின்லேந்து வந்த பிள்ளைக்கு இவ்வளவு பக்தியா! நீங்க கொடுத்து வச்சவா" என்றார். நானும் கொடுத்து வைத்தவள் மாதிரியே ஊருக்குள் நடந்தேன். விரதமில்லாத நாளில் அவர் ஒரே மூச்சில் ஒரு பானைச் சோற்றைத் தீர்த்தபோதும், பாவம், கடவுளுக்காகக் காய்ந்த வயிறு என்று நெய் ஊற்றினேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கொடிமரத்துக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்தார்.

காரில் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். இரத்தம் எடுத்தார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், விரல் முட்டியில் இருந்த தழும்பை வெகுநேரம் பார்த்தார். எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் தனியாகப் பேசினார். திரும்ப உள்ளே கூப்பிட்டபோது மாப்பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். "நீங்களே சொல்லிடுங்க டாக்டர்" என்றார்.

டாக்டர் புலிமியா என்று ஒரு பெயர் சொன்னார். கட்டுக்கடங்காமல் சாப்பிடுவது, பிறகு பயந்துபோய், சாப்பிட்டதை வாந்தியாக வெளியேற்றுவது.

"விரதம்னு பட்டினி கெடந்தவருங்க. அவருக்கு எப்படி வாந்தி வியாதி?" என்று கேட்டேன்.

"வாந்தி மட்டும் இல்லம்மா. சாப்பிட்டத எப்படியாவது ஈடு கட்டிடணும்னு மனசு அரிக்கும். சில பேர் வாந்தி எடுப்பாங்க, சில பேர் பேதி மாத்திரை போடுவாங்க. சில பேர் பட்டினி கெடப்பாங்க, சில பேர் ஓடு ஓடுன்னு ஓடுவாங்க. ஒரு வழிய அடைச்சா அதே ஆள் இன்னொரு வழிக்குப் போவார். எல்லாம் ஒரே வியாதிதான்."

"ஆள் நல்லாத்தானே இருக்காரு? எலும்பும் தோலுமா இல்லையே" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதனாலதான் யாரும் கண்டுபிடிக்கிறதில்ல."

"ஆம்பளைக்குமா வரும்?"

"ஏன், ஆம்பளைக்கு வயிறு கெடையாதா?"

கன்னம் பூரித்தது சாப்பாட்டால் இல்லை, வாந்தியால் சுரப்பி வீங்கியது, விரல் தழும்பும் அந்த வியாதியின் அடையாளம்தான் என்றார். என் சமையலுக்கு இருந்த ஒரே சாட்சியும் போயிற்று. கடைசியாகக் குரலைத் தணித்தார். உடம்பில் பொட்டாசியம் என்கிற உப்பு இறங்கிவிட்டது, இன்னொரு முறை இப்படி இறங்கினால் இதயம் நின்றாலும் நிற்கலாம். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மனநல மருத்துவரிடம் வாராவாரம் போக வேண்டும். வேளாவேளைக்கு அளவாகச் சாப்பிட வேண்டும். விரதம் கூடாது, வற்புறுத்தல் கூடாது. தப்பித்தவறி வாந்தி எடுத்துவிட்டாலும் அடுத்த வேளைச் சாப்பாட்டை விடக்கூடாது. சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் யாராவது பேச்சுத்துணைக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது.

யார் இருப்பது? மகள் சாப்பிட்டதும் படுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பேச்சுத்துணை என்று உட்கார்ந்தவர், மாப்பிள்ளை கை துடைப்பதற்குள் குறட்டை விட்டார். மிச்சம் நான்தான். வழக்கப்படி கதவுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "அத்தை, கதவுக்குப் பின்னாடியிருந்து காவல் காத்தீங்கன்னா ஜெயில்ல இருக்கிற மாதிரி இருக்கு. முன்னாடி வந்து உக்காருங்க."

வந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு முறம் உளுந்தை எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் மேட்டூர் தண்ணீரைப் பற்றிப் பேசினோம். தண்ணீர் வரவில்லை, பேச்சும் தீர்ந்தது. மூன்றாம் நாள் அவராகவே ஆரம்பித்தார்.

"சின்ன வயசுல குண்டா இருப்பேன் அத்தை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் அண்டா வந்துட்டான்பாங்க. இலையையும் ரொப்புவாங்க, சிரிக்கவும் சிரிப்பாங்க."

"எடுபட்ட பயலுங்க."

"எங்க மாமாங்க அத்தை."

"இருந்துட்டுப் போகட்டும்."

சிரித்தார். பிறகு, "அந்த எலி நான்தான்" என்றார்.

"தெரியும். பொறிதான் பாவம், சும்மா கெடக்கு."

"அப்படிச் சாப்பிடுறப்ப ருசியே தெரியாது அத்தை."

"என் வத்தக்குழம்புமா?"

"அதுவும்தான்."

எனக்குக் கோபம் வந்தது. வியாதியின் மேல்தான். கொஞ்சம் அவர் மேலும்.

மகளின் வளைகாப்பை எங்கள் வீட்டிலேயே வைத்தோம். சம்பந்தி வீட்டார், உறவுகள், பந்தல், பந்தி. மாப்பிள்ளை அளவாகச் சாப்பிட்டு முடிக்கும் நேரம், என் வீட்டுக்காரரின் அக்கா பாயச வாளியோடு அவர் இலைக்கு எதிரே நின்றார்.

"என்ன மாப்பிள்ளை, கோழி கொறிக்கிற மாதிரி கொறிக்கிறீங்க? இன்னொரு கரண்டி!"

ஊற்றிவிட்டார். அடுத்த கரண்டியை முகந்தார். மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லவில்லை. முகம் மட்டும் வெளுத்தது. அவர் கண் கொல்லைப் பக்கம் போனதைப் பார்த்தேன். எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. என் கை அவர் இலையின் மேல் இருந்தது. பாயசம் மணிக்கட்டில் சுடச்சுட விழுந்தது.

"போதும் அண்ணி. அவருக்குப் போதும்."

பந்தியே நின்றுவிட்டது. "என்னடி இது, மாப்பிள்ளை இலையில மாமியா கைய வைக்கிற! ஊரு சிரிக்காது?"

"சிரிக்கட்டும் அண்ணி. சிரிச்சு முடிச்சதும் ஆளுக்கு ஒரு டம்ளர் பாயசம் ஊத்துங்க, நெறைய இருக்கு."

பெண் வீட்டில் பாயசத்துக்குப் பஞ்சம் என்று சம்பந்தி பக்கத்தில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. காரணத்தைச் சொன்னால் மாப்பிள்ளை மானம் போகும். என்னுடையது போனால் போகட்டும் என்று, கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கும் எனக்கும் பந்தலோரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். ஒரு மணி நேரம் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து போகவில்லை.

மறுநாள் மதியம் போனார். பூசை முடித்து நான் வெளியே வருவதற்குள் போய்விட்டார். புதுக் குளியலறையில் குழாய் ஓடியது. வாசலில் நின்றேன். கதவைத் திறந்துகொண்டு ஈர முகத்தோடு வந்தார். முன்பெல்லாம் குளித்தேன் என்பார்.

"அத்தை, எடுத்துட்டேன்" என்றார்.

துண்டை நீட்டினேன். "சரி, முகத்தத் தொடைங்க. நாலு மணிக்குச் சுண்டல் தாளிப்பேன். வந்து உக்காருங்க."