அத்தானின் கடல்தொட்டி

என் அலுமாரியில், மகளின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் தகரப் பெட்டிக்குள், சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் கிடக்கிறது. அதன் வெள்ளை மூடியில் ஒரு வெடிப்பு. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து நகை போனது, கல்யாணப் படங்கள் போயின, இது மட்டும் எப்படியோ என்னோடு வந்து சேர்ந்துவிட்டது. அக்காவின் கணவர், என் அத்தான், தன் மீன்தொட்டித் தண்ணீரைச் சோதித்த குழாய் இது. மூடியின் வெடிப்பு என் கைங்கரியம். ஒருநாள் ஆத்திரத்தில் இதை முற்றத்தில் வீசி எறிந்தேன்.

போர் ஓய்ந்து, வன்னிக்கான பாதை திறந்திருந்த காலம் அது. வெளிநாட்டில் ஒரு பெரிய ஹோட்டலில் கடல்மீன் தொட்டி பராமரித்த அத்தான், புதுக்குடியிருப்புக்குத் திரும்பி வந்திருந்தார். மற்றவர்கள் ரீவி கொண்டுவந்தார்கள், சங்கிலி கொண்டுவந்தார்கள். இந்த மனிதர் கண்ணாடி ஒட்டுகிற பசையும் தண்ணீர் சோதிக்கிற ஒரு பெட்டியும் கொண்டுவந்து இறக்கினார். அக்கா ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. மூன்றடித் தொட்டியை முன்னறை யன்னலோரம் வைத்து, மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கான் கட்டி, முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து தண்ணீர் சுமந்தார். படகு வைத்திருந்த தெரிந்த சம்மாட்டி ஒருவர், வலையில் வந்த முருகைக்கற்களை, பவளப்பாறைத் துண்டுகளை, கொடுத்தார். வெயில் பட்டால் அந்தக் கற்களில் ஒட்டியிருந்த உயிர்கள் மெல்ல மெல்ல விரியும். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு மீன்களும் அங்கே குடித்தனம் நடத்தின. மின்சாரம் இல்லாத ஊரில், வீட்டிலிருந்த ஒரே சோலர் பற்றரி மீன்களுக்குக் காற்று ஊதியது. நாங்கள் குப்பி விளக்கில் சாப்பிட்டோம்.

அத்தானுக்கு ஒரேயொரு எதிரிதான்: நைத்திரேற்று. மீனின் கழிவும் மிஞ்சிய தீனும் அழுகிக் கடைசியில் அந்த உப்பாகத்தான் மாறுமாம். கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. கூடினால் பாசி பிடிக்கும், முருகை சுருங்கிச் செத்துப்போகும். ஒவ்வொரு ஞாயிறும் இந்தக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து, இரண்டு வகைத் துளி விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் கண்வெட்டாமல் பார்த்திருப்பார். மஞ்சளாக நின்றால் நல்லது. சிவந்தால் அன்றைக்கு வீட்டில் பூசைதான். முதற் குற்றவாளி அக்கா. அவள் போகிற வருகிற நேரமெல்லாம் இடியப்பத் துண்டு போடுகிறாள் என்று பிடித்துக்கொண்டார். அவளும் போட்டவள்தான், பொய் சொல்லக்கூடாது. தீனைக் குறைத்தார். காற்பங்கு தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுக் கடல்தண்ணீர் ஊற்றினார். உப்பை உறிஞ்சும் என்று கடற்பாசி கொண்டுவந்து வளர்த்தார். அப்படியும் குழாய் கிழமைக்குக் கிழமை சிவந்துகொண்டே வந்தது.

வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும், அதனால் வற்றிய அளவுக்கு நல்லதண்ணீர்தான் விடவேண்டும் என்பார். அதற்கு எங்கள் கிணறு இருந்தது. மிளகாய்த் தோட்டத்து நடுவில் இருந்த அந்தக் கிணற்றின் தண்ணீருக்கு அயலெல்லாம் குடத்தோடு வரும். அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி வைத்தால் தனி ருசி என்று அக்காவுக்கு வலு பெருமை.

அப்போது என் மகளுக்கு இரண்டு மாதம். கணவருக்கு வவுனியாவில் வேலை, அதனால் நான் அக்கா வீட்டில் இருந்தேன். தாய்ப்பால் காணாமல் சூப்பிப் போத்தலில் பால்மா கரைத்துக் கொடுத்தேன். சுத்தத்தில் என்னை ஒருவரும் குறை சொல்ல ஏலாது. கிணற்றுத் தண்ணீரைப் பாதியாக வற்றும்வரை கொதிக்க வைத்துத்தான் எடுப்பேன். ஆனாலும் பிள்ளை சோர்ந்துகொண்டு வந்தாள். உதடும் நகமும் சாம்பல் நிறமாகின. சளி பிடித்த பனிக்குணம் என்று நினைத்து, இன்னும் கூடக் கொதிக்க வைத்தேன்.

ஒரு ஞாயிறு காலை பிள்ளை போத்தலை உறிஞ்சக்கூடப் பலமில்லாமல் என் மடியில் கிடந்தாள். முன்னறையில் அத்தான் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, “திரும்பவும் சிவப்பு” என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆங்காரம் வந்ததோ.

“இஞ்ச ஒரு பச்சைப்பிள்ளை துவண்டுபோய்க் கிடக்குது, நீங்கள் மீனுக்கு வருத்தம் பாக்கிறியள். நீங்கள் மனுசரே?”

குழாயைப் பறித்து முற்றத்தில் எறிந்தேன். அத்தான் எழும்பினார். மோட்டார் சைக்கிளை எடுக்கிறன், பிள்ளையை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வெளிக்கிடச் சொல்லு என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, மணலில் கிடந்த குழாயைப் பொறுக்கிக் கிணற்றடிக்குக் கழுவப் போனார். கழுவியது காணுமா என்று பார்க்க, அதே கிணற்றுத் தண்ணீரை அதில் பிடித்துத் துளி விட்டாராம். மஞ்சளாக நிற்கும் என்றுதான் நினைத்தாராம். ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டி வரவில்லை. மறுபடி கழுவி மறுபடி விட்டார். இரத்தம்போல் சிவந்தது.

நான் உடுப்பு மாற்றி வர, அவர் வாசலில் சிவந்த குழாயோடு நின்றார். மிளகாய்க்கு யூரியா எறிந்தது அவரின் கைதான். எறிந்ததெல்லாம் மண்ணில் அதே உப்பாக மாறி, மழையோடு இறங்கிக் கிணற்றுக்குள் வந்திருந்தது. ஊரின் நல்லதண்ணீர் என்று தொட்டிக்கு விட்டதும் அதுதான், என் பிள்ளைக்குக் கொடுத்ததும் அதுதான்.

“பிள்ளை, கொதிக்கக் கொதிக்கப் போறது தண்ணி மட்டும்தான். இந்த உப்பு போகாது. இன்னும் தடிப்பாகும்” என்றார் என்னிடம்.

நான் பாதியாக வற்றவைத்த ஒவ்வொரு கேத்தலும் கண்ணுக்குள் வந்தது. மோட்டார் சைக்கிளில் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். அத்தானின் சட்டைப் பையில் அந்தச் சிவந்த குழாய் இருந்தது. வைத்தியர் குழாயைப் பார்த்தார், பிள்ளையின் உதட்டைப் பார்த்தார், வேறு கேள்வி அதிகம் கேட்கவில்லை. அந்த உப்பு பச்சைக் குழந்தையின் இரத்தத்தில் காற்றை ஏறவிடாது என்றார். சில நாள் வார்ட்டில் வைத்துப் பார்த்தார்கள். மெல்ல மெல்ல உதடு சிவந்தது. வாழ்நாளில் நான் கண்ட மிக அழகான நிறம் அதுதான்.

தோட்டமில்லாத மணல்நிலத்துக் கிணறு ஒன்றை அத்தான் வற்றாப்பளைப் பக்கம் தேடிப் பிடித்தார். அங்கேயும் முதலில் துளி விட்டுத்தான் பார்த்தார். இரண்டு நாளைக்கு ஒருதரம் போய் வரவேண்டும். மோட்டார் திருத்துகிற வேலையோடு கடலுக்கும் கிணற்றுக்கும் ஓட அவருக்கு நேரமில்லை. அடுத்த ஞாயிறு மீன்களையும் கற்களையும் கடலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வெறும் கான்களோடு வந்து, பிள்ளையின் தண்ணீருக்கென்று அவற்றை வெந்நீரால் ஏழெட்டுத் தரம் கழுவினார். மீன்களை விடச்சொல்லி எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அவரும் அதைப் பெரிய கதையாக்கவில்லை. சோதனைப் பெட்டியை என்னிடம் தந்துவிட்டார். தொட்டிக்குள் அக்கா செத்தல் மிளகாய் போட்டு வைத்தாள்.

பிறகு வந்த வருடங்கள் எங்கள் எல்லாரையும் அள்ளிக்கொண்டுபோய் எங்கெங்கோ கொட்டின. திரும்பி வந்தபோது வீடு இல்லை, தொட்டி இல்லை, தோட்டம் முழுக்க எருக்கலை. கிணறு மட்டும் இருந்தது. அதைத் துப்புரவாக்கி, பலதரம் இறைத்து, ஊறவிட்ட பிறகு அத்தான் கொழும்பிலிருந்து எடுப்பித்த புதுத் துளிகளோடு வந்து குழாயைக் கேட்டார். ஐந்து நிமிடம் அவரோடு நானும் குந்தியிருந்து பார்த்தேன். மஞ்சளாகவே நின்றது. சந்தோசப்பட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். இத்தனை வருடம் அந்த மண்ணில் ஒரு பிடி யூரியா எறிய ஒருவரும் இருக்கவில்லை. கிணறு சுத்தமானது அப்படித்தான்.

அத்தான் முதலில் தான் ஒரு வாய் குடித்தார். பிறகு என் மகளின் கையில் வார்த்தார். அன்றைக்கு நான் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்க இதுதான் நேரம் என்று, “அத்தான், அண்டைக்கு...” என்று தொடங்கினேன். அவர் குழாயைத் துடைத்து என் கையில் வைத்தார்.

“கவனமா வையும் பிள்ளை. இனி எறிஞ்சீரெண்டால் பொறுக்கிக் கழுவ நான் இருக்க மாட்டன்.”

பகிடியாகத்தான் சொன்னார். இப்போது அத்தான் இல்லை. மகள் என்னைவிட உயரமாக வளர்ந்து, குசினிக்குள் வந்து நின்றபடியே தண்ணீர் குடிக்கிறாள். அவள் குடித்து முடிக்கும்வரை நான் இன்றைக்கும் அவள் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.