இடது கன்னத்து வெளிச்சம்

“…வெள்ளையை எடுத்துக் கொண்டு போ ஏட்டி, நான் இன்னும் சாகல்ல!” என்று மகளைப் பார்த்துக் கத்தினாள் அந்த அம்மா.

கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு முற்றம். மறுநாள் அவளுக்கு மிஷன் ஆஸ்பத்திரியில் கழுத்துக் கட்டிக்கு ஆபரேஷன். அதற்கு முன் அவள் முகத்தைப் படம் பிடித்துக் கொழும்பிலிருக்கும் மகனுக்கு அனுப்பிவிட வேண்டுமென்று மகள் என்னை வடசேரியிலிருந்து வரவழைத்திருந்தாள். முதல் படத்தில் அம்மா தலையை ஆட்டிவிட்டாள். என் பெட்டியில் இனி படம் பதிய ஒரே ஒரு கண்ணாடிப் பிளேட். வெயிலோ தென்னைகளுக்குப் பின்னால் சரிந்துகொண்டிருந்தது.

வலது கன்னத்தில் நல்ல வெளிச்சம். இடது கன்னம் அடுப்புக்கரி. வெளுத்த துணியை இடப்பக்கம் விரித்தால் வெயில் அதில் பட்டு முகத்துக்குத் திரும்பும். அதற்காகத்தான் மகளைத் துணி பிடிக்கச் சொன்னேன். ஆனால் அந்த வீட்டில் அதுவரை எடுத்த ஒரே படம், அவள் வீட்டுக்காரரைச் சவப்பெட்டியில் கிடத்தி, பின்னால் வெள்ளைத் துணி கட்டி, எல்லாரும் சுற்றி நின்று எடுத்தது. அது உள்சுவரில் தொங்கியது.

“அம்மா, அனங்காம இரிங்க. இருட்டிப் போவும்,” என்றாள் மகள்.

“பாம்புதான் படம் எடுக்கும். எனக்கு எதுக்குட்டி படம்? திரும்பி வரமாட்டேன்னுதானே?”

நான் கேமராவை விட்டு வந்து அம்மாவின் எதிரில் குத்தவைத்தேன்.

“அது எனக்குத் தெரியாது அம்மா. வெயில் போவுது, அது தெரியும். இப்படியே எடுத்தா ஒங்க மகன் பாதி அம்மையைத்தான் பாப்பான்.”

“பாதியா?”

“இந்தக் கன்னம் விழாது.”

இடது கன்னத்தைத் தடவிக்கொண்டாள். நிழல் அவள் காலடிக்கு வந்துவிட்டது. நான் எழுந்துபோய்க் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். உள்ளே கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்த அந்த முகம் திடீரென்று காணாமல் போயிற்று. போயிட்டாளே என்று பதறித் தலையை வெளியே எடுத்தேன்.

போகவில்லை. அம்மா எழுந்து மகளின் கையிலிருந்து துணியைப் பிடுங்கி, வேதக்கோயிலுக்குப் போகும்போது போர்த்துவதுபோல மகள் தோளைச் சுற்றிப் போர்த்தினாள். பிறகு உட்கார்ந்து, அவளை இழுத்துத் தன் இடப்பக்கத்தில் ஒட்டி நிற்க வைத்துக்கொண்டு, அந்த வெள்ளையில் பட்ட வெயில் இடது கன்னத்தில் விழ, கண்ணிமைக்காமல் என்னைப் பார்த்தாள்.