பர்மா போனவரின் கட்டைவிரல்

பட்டாளத்தில் சேர்ந்தவர்களின் பழைய பதிவேட்டுக் கட்டுகளை எடுத்துக் கொடுக்கிற வேலையில் ஆள் கிடைப்பதைவிடத் தும்மல் கிடைப்பதுதான் அதிகம். பாட்டன் பூட்டன் பேரைத் தேடி அலைந்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா? பெரம்பலூர் தனி மாவட்டமான புதிதில், என் பிள்ளைகளெல்லாம் கல்யாணமாகிப் போனபின் இந்த வேலைக்கு வந்தேன். செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் கட்டையே அவிழ்ப்பேன்.

அறுந்த காது

ஒரே பேரில் பத்துப் பேர் இருப்பார்கள். ஊர், தகப்பன் பேர், அங்க அடையாளம் மூன்றும் ஒத்துவந்தால்தான் நம் ஆள். வேப்பந்தட்டையிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் கைக்குழந்தையோடு வந்தார்கள். தேடியது அவருடைய பூட்டனை. கிடைத்துவிட்டார். "இடது காது மடல் கிழிந்தது" என்று எழுதியிருந்ததை நான் வாசித்ததும் இருவரும் குழந்தையைப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் குழந்தையின் குல்லாவை மெல்ல விலக்கினாள். இடது மடல் இரண்டாகப் பிளந்திருந்தது. "பொறந்ததுலேர்ந்தே இப்படித்தாங்கக்கா. காது குத்த வந்த ஆசாரி, 'இது ஏற்கெனவே குத்தி அறுந்த காதும்மா'ன்னு ஊசியக் கீழ வெச்சுட்டாருங்க."

எடுத்து வைத்த தட்டு

விக்கிரமங்கலத்திலிருந்து மகாலிங்கம் என்ற விவசாயி வந்தார். அவருடைய அம்மா செல்லம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது பர்மா சண்டைக்குப் போன அப்பா திரும்பவில்லை. செத்தார் என்று யாரும் சொல்லாததால் கருமாதியும் செய்யவில்லை. அந்த அம்மா இன்றைக்கும் சோறு போடும்போது அப்பாவுக்கு ஒரு தட்டு எடுத்துவைக்கிறாராம். காலையில் பார்த்தால் தட்டு இடம் மாறியிருக்குமாம். இப்போது உடம்பும் முடியவில்லை. தான் கண்ணை மூடுவதற்குள் அப்பாவுக்கு ஒரு முடிவு தெரிய வேண்டும் என்று அழுகிறாராம்.

மாதாவை வேண்டிக்கொண்டு தேடினேன். ஊர் ஒத்துவந்தது, தகப்பன் பேரும் அங்க அடையாளமும் சரி. ஆள் என்ன ஆனார் என்று எழுதும் கடைசிக் கட்டத்தில் மட்டும், "தகவல் இல்லை." மகாலிங்கம் தலையைப் பிடித்துக்கொண்டார். "தகவல் இல்லாத ஆளுக்கு எப்படிங்கம்மா காரியம் பண்றது?"

கைநாட்டு

"பேருக்குப் பக்கத்தில் அவர் வைத்த கைநாட்டு இருக்கு, அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றேன். மறுவாரமே வந்தார்கள். செல்லம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. அவர் கையைப் பிடித்து, கட்டைவிரலை அந்த மசித் தடத்தின்மேல் வைத்தேன்.

சித்திரை மாசம், கரண்டும் இல்லை, அறை அடுப்பாய்க் கொதித்தது. என் பிடிக்குள் இருந்த அந்தக் கை மட்டும் விரல் விரலாகச் சில்லிட்டுக்கொண்டே வந்தது. எனக்குச் செபம் மறந்துபோயிற்று. செல்லம்மா பயப்படவில்லை. விரலை எடுக்காமலே மகன் பக்கம் திரும்பினார். "அப்பா கையப் புடிச்சிருக்காருடா. கை சில்லுன்னு இருக்கு. காரியத்தப் பண்ணிடு."

வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட வேண்டும் என்று வேலையில் சேரும்போது சொன்னார்களே தவிர, யார் யாரெல்லாம் வருவார்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.