வெள்ளியங்கிரியின் எருக்குப்பையும் தம்பியின் மருந்தும்

பல்லடம் பக்கத்தில் வெள்ளியங்கிரிக்கு அறுபது தென்னை. இரண்டு வருடத்தில் ஒன்பது மரம் குருத்தோடு பட்டுப்போயின. எல்லாம் காண்டாமிருக வண்டு குடைந்த வேலை. காலையில் ஏணி போட்டு ஏறி, கம்பிக் கொக்கியால் வண்டைக் குத்தி இழுப்பார். மறுநாள் வேறொன்று உட்கார்ந்திருக்கும். அவை பெருகும் இடம் தன்னுடைய கோழியெருக் குப்பைதான் என்று அவருக்குத் தெரியும். எரு இல்லாமல் விவசாயம் எப்படி?

அந்த ஆடியில் குப்பைமேல் கரிய குளவிகள் தாழப் பறந்தன. ஒன்று எருவுக்குள் புகுந்த இடத்தைக் கிளறினார். கட்டைவிரல் தடிமனில் ஒரு வண்டுப்புழு அசையாமல் கிடந்தது. அதன் வயிற்றில் அரிசிபோல் ஒரு முட்டை ஒட்டியிருந்தது. சில நாள் கழித்துப் பார்த்தால், முட்டையிலிருந்து வந்த குளவிப்புழு அந்த வண்டுப்புழுவைத் தின்றுகொண்டிருந்தது. அன்று வெள்ளியங்கிரி இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

குப்பைக்கு அடுத்த சுவர் தம்பி தங்கராஜின் பனியன் கம்பெனி. தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்கள் குளவிக்குப் பயந்து ஜன்னலோரம் உட்கார மறுத்துவிட்டார்கள்.

"குப்பையை எடுத்துருங்ணா. பயப்படறாங்க."

"அது புழுவைத் தேடி வருதப்பா. கையில புடிச்சாத்தான் கொட்டும்."

"உங்களுக்குத் தெரியும். குளவிக்குத் தெரியோணுமில்லீங்ணா?"

"சரி, ஜன்னலுக்கு வலை அடி."

"ஷிப்மென்ட் முடியட்டுங்ணா."

நான்கு நாள் இதே பேச்சு. வெள்ளியங்கிரி கம்பெனி சூப்பர்வைசர் சண்முகப்பிரியாவைக் கூப்பிட்டு முட்டையைக் காட்டினார். "நல்ல பூச்சிதானுங்க. வேற பக்கம் வெச்சுக்குங்க," என்றாள் அவள்.

வெள்ளியங்கிரி சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் தங்கராஜ் ஆள் வைத்துக் குப்பைமேல் மருந்தடித்துவிட்டார். திரும்பி வந்தபோது குளவிகள் செத்துக் கிடந்தன. மண்வெட்டி எடுத்துத் தோண்டினார். ஒரு முழம் கீழே புழுக்கள் கொழுகொழுவென்று நெளிந்தன. மருந்து அங்கே இறங்கவேயில்லை. ஒரு கூடை அள்ளிக்கொண்டு போய்த் தம்பியின் மேசையில் கொட்டினார்.

"நீ மருந்தடிச்சது இதுகளுக்கில்ல. இதுகளக் கொல்ல வந்ததுக்கு."

தங்கராஜ் சாம்பிள் துணிமேல் ஏறிய புழுவை ஸ்கேலால் தள்ளினார். மறுநாளே ஜன்னல்களுக்கு வலை வந்தது.

அந்த வருடம் அப்புறம் குளவி வரவில்லை. இன்னும் இரண்டு மரம் போனது. அடுத்த ஆடியில் நாலைந்து தலைகாட்டின. வலைக்குப் பின்னாலிருந்த பெண்கள் கண்டுகொள்ளவில்லை. தங்கராஜ்தான் காலையும் மாலையும் போன் செய்தார்.

"அண்ணா, குளவி வந்திருக்குதுங்க. தண்ணி கிண்ணி வெக்கோணுங்களா?"

"ஒண்ணும் பண்ணாம இருப்பா சாமி," என்றார் வெள்ளியங்கிரி. "அது போதும்."